வெற்றிடத்தில் எழுதிய வாடகை

அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. அது வாக்காளர் பட்டியலோடு நின்றுவிட்டது. உறவினரும் உடன் தொழில் செய்வோரும் அவரைப் ‘பத்துமாசம்’ என்றே அழைத்தனர். குழாய் வேலை செய்யும் ஒருவருக்கு இப்படியொரு பட்டம் வாய்த்ததற்குக் காரணம் அவருடைய பழக்கம் ஒன்று. எவரேனும் வீடு வாங்கி வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னால், மாத வாடகை எவ்வளவு வரும் என்று கேட்பார். கேட்ட தொகையைப் பன்னிரண்டால் பெருக்கமாட்டார், பத்தால்தான் பெருக்குவார். ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும், இன்னொரு மாத வாடகையைச் சுவரும் குழாயும் தின்றுவிடும் என்பது அவர் கட்சி. முப்பது ஆண்டுகளாகப் பிறர் வீட்டுச் சுவர்களை உடைத்துப் பார்த்தவர் என்ற முறையில், அந்தக் கட்சியை அவர் எவரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை.

உறவினர் கூடியிருந்த ஒரு பகல் விருந்தில் அவருடைய மனைவியின் தம்பிதான் பட்டத்தைச் சூட்டினான். “வருஷத்துக்குப் பத்தே மாசமாம். மாமா போடுறது வாடகைக் கணக்கா, பிரசவக் கணக்கா?” என்றான். பந்தியே சிரித்தது. அவரும் சிரித்தார். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது.

வேறு பழக்கங்களும் அவருக்கு உண்டு. எந்தச் சுவரையும் உடைப்பதற்கு முன் விரல் முட்டியால் நாலிடத்தில் தட்டி, காதை வைத்துக் கேட்பார். வேலை முடிந்ததும் பையிலுள்ள கருவிகளை ஒவ்வொன்றாக எண்ணெய்த் துணியால் துடைத்து, எடுத்த வரிசையிலேயே அடுக்குவார். பழைய வாஷரைத் திருப்பிப் போட்டுப் புதியதென்று காசு வாங்கும் வழக்கம் அந்தத் தொழிலில் புதிதன்று; அவர் அதைச் செய்ததில்லை. செய்யாததைச் சொல்லிக்கொள்ளவும் மாட்டார்.

ஐம்பத்தாறாம் வயதில் அவருடைய முழங்கால்கள் தொல்லை கொடுக்கத் தொடங்கின. கைகழுவும் தொட்டிகளின் அடியில் குந்தியே தேய்ந்த முட்டிகள் அவை. இன்னும் நான்கைந்து ஆண்டுகளே இந்த வேலை ஓடும் என்பதை மருத்துவர் சொல்வதற்கு முன்னரே அவர் அறிந்திருந்தார். மனைவி ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். இருவரும் சேர்ந்து பதினோரு ஆண்டுகளாகச் சேமித்தது எட்டு லட்சம். அதை வைத்து, உட்கார்ந்து சாப்பிட ஏதேனும் ஒரு வருமானத்திற்கு வழி செய்துகொள்ள வேண்டும் என்பது மனைவியின் தீராத பேச்சு.

அந்த நேரத்தில்தான் நான்கு குடித்தன வீடு விலைக்கு வந்தது. கீழே இரண்டு, மேலே இரண்டு; ஒவ்வொன்றும் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, ஒரு குளியலறை. பதினாறு ஆண்டுகளாக அங்கே குழாய் வேலை பார்த்தவர் பத்துமாசம்தான். மகனோடு போய் இருக்க முடிவு செய்த வீட்டுக்காரர், வேறு எவரிடமும் சொல்லுமுன் அவரைக் கூப்பிட்டு விலை சொன்னார்: முப்பது லட்சம். எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதைக் கட்டிய மேஸ்திரி மறந்திருக்கலாம், நீ மறக்கமாட்டாய் என்றார். அது உண்மை. மேல்தளத்துப் பின்வீட்டுக் குளியலறையில் கழிவுக்குழாய் கோணலாக இறங்குவதும், கீழ்த்தளத்து முன்சுவர் மழைக்குப் பின் ஒரு வாரம் ஈரம் காப்பதும் அவருக்கு மனப்பாடம்.

மூன்று நாள் மாலையில் அவர் கட்டம்போட்ட நோட்டில் எழுதிப் பார்த்தார். குடித்தனத்திற்கு ஆறாயிரம் வீதம் மாதம் இருபத்து நாலாயிரம். தமது வழக்கப்படி பத்து மாதத்திற்கே கணக்கிட்டு அதை ஆண்டு முழுவதற்கும் பரப்பினால், மாதம் இருபதாயிரம்தான் நிற்கும். வரி, தண்ணீர், பொது விளக்கு, மோட்டார் ஆகியவற்றிற்கு மூவாயிரம் போனால் பதினேழாயிரம். இருபத்திரண்டு லட்சம் கடன் வாங்கினால் மாதத் தவணை இருபத்தோராயிரத்து ஐந்நூறு. நாலாயிரத்து ஐந்நூறு துண்டு விழுகிறது. அதைக் கைவேலையிலிருந்து கட்டிவிடலாம். ஐந்தாறு ஆண்டில் வாடகை சற்று உயரும்போது துண்டு தானே அடைபடும். முட்டிகள் அதுவரை தாங்கினால் போதும். இவ்வாறு எழுதி முடித்துக் கீழே இரண்டு கோடு போட்டார்.

மனைவியின் தம்பி வங்கிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கடன் தரகன். நகலெடுக்கும் கடைக்கு மேலே ஒரு சிற்றறையில் அவனுக்கு மேசையும் விசிறியும் உண்டு. அவன்தான் பத்துமாசத்தை வங்கிக்கு அழைத்துச் சென்றான். கடன் பிரிவில் இருந்த அதிகாரி இளவயதுப் பெண், மரியாதையாகப் பேசினார். ஆயினும், மாதச் சம்பளச் சீட்டு இல்லாதவருடைய சம்பாத்தியத்தை வங்கி வருமானமாக எடுத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டார். முப்பது ஆண்டு உழைப்பு ஒரு சீட்டில் இல்லாததனால் அது இல்லவே இல்லை என்றாயிற்று. பத்துமாசம் மென்று விழுங்கினார். அப்படியானால் எதைத்தான் பார்ப்பீர்கள் என்று கேட்டபோது, குடியிருப்போர் நால்வரும் தாங்கள் கொடுக்கும் வாடகையை உறுதிசெய்து கடிதம் தரவேண்டும், அந்த வாடகையைப் பார்த்துக் கடன் கொடுப்போம் என்றார்.

மறுநாள் மைத்துனன் நான்கு படிவங்களைக் கொடுத்தான். எல்லாம் அச்சடித்திருந்தன, வாடகைத் தொகைக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது. கையால் எழுதினால் வங்கியில் ஏற்கமாட்டார்கள், கையெழுத்தை வாங்கி வாருங்கள், தொகையை அலுவலகத்தில் அச்சிட்டுக்கொள்ளலாம் என்றான். பத்துமாசம் அதை நம்பினார். அதுமட்டும் இருந்திருந்தால் அவர் ஏமாந்தார் என்று சொல்லிவிட்டுப் போகலாம். வேறொன்றும் இருந்தது.

அந்த வீட்டில் பதினாறு ஆண்டுகளாக ஓர் ஏற்பாடு நடந்து வந்தது. குழாய் பழுதானால் குடியிருப்போர் பத்துமாசத்தைக் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும் அவர் வேலைச்சீட்டு ஒன்றை நீட்டுவார். வேலை நடந்தது என்பதற்குச் சாட்சியாக அவர்கள் கையெழுத்திடுவார்கள். அப்போது தொகை எழுதியிராது. சாமான் வாங்கிய கடைச்சீட்டைப் பார்த்துப் பின்னர் அவரே எழுதி, வீட்டுக்காரரிடம் காட்டிப் பணம் பெறுவார். அவர்கள் கையெழுத்தின் மேலே அவர் எழுதும் தொகை ஒரு காசும் கூடியதில்லை என்பது நான்கு வீட்டுக்கும் தெரியும். ஆகவே அவர் நீட்டும் காகிதத்தில் காலியிடம் இருப்பது அவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. சுவரை நாலு தடவை தட்டிப் பார்க்கும் மனிதர், அந்தக் காகிதத்தை ஒரு தடவையும் தட்டிப் பார்க்கவில்லை.

கீழ் முன்வீட்டுப் பேருந்து நடத்துநர் நின்றவாறே கையெழுத்திட்டார். கீழ்ப் பின்வீட்டுக் காவற்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி மெதுவாக இட்டார். மேல் முன்வீட்டில் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர் இருந்தார். அவர், நீங்கள் வாங்கினால் வீடு நல்ல கையில்தான் போகிறது என்று சொல்லி இட்டார். மேல் பின்வீட்டுத் தையற்காரம்மா தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டு, எங்கே என்று மட்டும் கேட்டார். கணவரை இழந்து ஒரு மகளோடு அந்த ஓரறையில் வாழ்பவர் அவர்.

அடுத்த வாரம் வீட்டுக்காரரிடம் முன்பணம் நாலு லட்சம் கொடுக்கப்பட்டது. அறுபது நாளுக்குள் பதிவு முடியாவிடில் அதில் பாதி திரும்ப வராது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கடன் கிடைக்கும் என்று வங்கியிலிருந்து தகவல் வந்தது. மனைவி அன்று வேலைக்குப் போகவில்லை. அந்த வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

அந்த அறுபது நாள் கெடு முடிய இரண்டு வாரம் இருக்கையில், தையற்காரம்மாவின் சமையற்கட்டுக் குழாய் நிற்காமல் சொட்டுகிறது என்று அழைப்பு வந்தது. பத்துமாசம் போனார். அறையில் மாற்றம் தெரிந்தது. வழக்கமாகச் சுவரோரம் இருக்கும் துணி மூட்டைகள் கயிற்றால் கட்டப்பட்டு வாசலருகே அடுக்கப்பட்டிருந்தன. எந்திரத்தின்மேல் துணி போர்த்தியிருந்தது. அவர் வாஷரை மாற்றி, குழாயைத் திருகி, கீழே விரலை வைத்து ஈரம் இல்லை என்று பார்த்துவிட்டு எழுந்தார். முட்டி பிடித்துக்கொண்டது, சுவரைப் பற்றி நின்றார்.

வேலைச்சீட்டை அவர் நீட்டினார். அந்த அம்மாள் அதை வாங்கவில்லை.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். அந்த ஒன்பதாயிரம், அடுத்த மாசத்துலேர்ந்தா, இந்த மாசத்துலேர்ந்தேவா?”

எந்த ஒன்பதாயிரம் என்று அவர் கேட்டார்.

அந்த அம்மாள் எந்திரத்தின் துணியைத் தூக்கி, கீழிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். வங்கியிலிருந்து வந்தது. தாங்கள் மாதம் ஒன்பதாயிரம் வாடகை செலுத்தி வருவதாகக் கையெழுத்திட்டு உறுதிசெய்ததை ஏற்றுக்கொண்டோம் என்று முதற்பத்தி சொல்லிற்று. வீட்டை வாங்குபவர் தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், தாங்கள் மேற்படி வாடகையை நேரே வங்கிக்குச் செலுத்தக் கடமைப்பட்டவர் என்று இரண்டாம் பத்தி சொல்லிற்று. கீழே அந்த அம்மாள் இட்ட கையெழுத்தின் நகல், மேலே அழகாக அச்சிட்ட ஒன்பதாயிரம்.

பத்துமாசம் இருமுறை படித்தார். இது தமக்குத் தெரியாது என்று சொன்னார். சொல்லும்போதே அந்தச் சொல் எவ்வளவு நொண்டியாக இருக்கிறது என்பதும் தெரிந்தது.

“நீங்க எழுதுவீங்கன்னுதாண்ணே எடம் விட்டுப் போட்டேன். வேற யாராவது வந்திருந்தா, என்ன எழுதப் போறீங்கன்னு கேட்டிருப்பேன்.” குரலில் கோபம் இல்லை. அதுவே அவரை அடித்தது. “மூவாயிரம் கூடன்னா என்னால ஆகாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு எடம் பார்த்திருக்கேன். தண்ணி கீழேருந்துதான் தூக்கணும். பரவாயில்ல.”

போகவேண்டாம் என்று அவர் சொன்னார். எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்பதுபோல் அந்த அம்மாள் பார்த்தார்.

இறங்கும்போது ஒவ்வொரு கதவையும் தட்டினார். வேன் ஓட்டுபவர் வீட்டில் இல்லை. காவற்காரர் உறையைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்திருந்தார். வங்கி உறை என்றால் நல்ல செய்தியாக இருக்குமென்று எண்ணியிருந்தாராம். பேருந்து நடத்துநர் பிரித்துப் படித்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. “வீட்டுக்காரர் ஆனா எல்லாரும் அப்படித்தாண்ணே. தப்பில்ல,” என்றார். தப்பில்லை என்று சொன்னாரே, அந்தச் சொல்லை அடிமேல் அடியாகச் சுமந்துகொண்டு பத்துமாசம் நகலெடுக்கும் கடைவரை நடந்தே போனார். பேருந்தில் ஏற மனம் வரவில்லை.

மைத்துனன் விசிறியின் கீழே உட்கார்ந்து காகிதக் கட்டுகளை ஊசி அடிக்கும் சிறு கருவியால் தைத்துக்கொண்டிருந்தான். கடிதத்தைக் கண்டதும் அவன் பதறவில்லை. தேநீர் சொல்லவா என்று கேட்டான். பிறகு, சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கினான். வாடகையில் நூற்றுக்கு அறுபது பங்குக்குமேல் தவணை போகக்கூடாது என்பது வங்கியின் விதி. இருபத்து நாலாயிரம் வாடகை என்றால் தவணை பதினாலாயிரத்துச் சொச்சம். அதற்குக் கிடைக்கும் கடன் பதினாலே முக்கால் லட்சம். அதை வைத்து இந்த வீட்டில் மாடிப்படியைத்தான் வாங்கலாம். முப்பத்தாறாயிரம் என்றால் கணக்குச் சரியாக உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே உட்கார வைத்தான்.

“பேங்குக்குக் காட்டுறது ஒண்ணு, நாம நடத்துறது ஒண்ணு மாமா. எல்லாரும் இப்படித்தான் வாங்குறாங்க. நீங்க மட்டும்தான் சுவத்தத் தட்டிக்கிட்டே நிக்குறீங்க.”

“அவங்க கையெழுத்த வாங்கினது நான்டா. நீ இல்ல.”

“அதானே மாமா பலமே. நான் போய்க் கேட்டிருந்தா ஒருத்தராச்சும் போட்டிருப்பாங்களா?”

இதை அவன் பாராட்டாகவே சொன்னான். பதினாறு ஆண்டுகளாக ஒரு காசும் கூட்டி எழுதாத கை, ஒரே நாளில் நாலு வீட்டுக்கும் மூவாயிரம் கூட்டி எழுதும் கருவியாயிற்று; அந்தக் கருவியைத் துடைத்து நன்றாக வைத்திருந்தவர் அவரேதான். இவன் எடுத்துக்கொண்டான், அவ்வளவு.

மேசையில் வங்கிக்குக் கொடுத்த வரவுசெலவுத் திட்டத்தின் நகல் கிடந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். தமது நோட்டிலிருந்து ஒரு வரியும் அதில் இல்லை. வாடகை பன்னிரண்டு மாதத்திற்கும் போட்டிருந்தது. வீடு காலியாகும் நாள் என்ற இடத்தில் பூச்சியம். பழுதுபார்க்கும் செலவு என்ற இடத்திலும் பூச்சியம். அதன் அருகில் காரணமும் எழுதியிருந்தது: உரிமையாளரே குழாய் வேலை செய்பவர்.

அதைக் கண்டபோதுதான் அவருக்கு உண்மையாகவே சினம் மூண்டது. அவர் வாங்கும் கூலியை, சீட்டு இல்லை என்று வங்கி கழித்தது. அவர் செய்யப்போகும் வேலையை, சொந்த வேலை என்று இவன் கழித்தான். தேய்ந்துபோன முட்டியோடு நாலு குளியலறையிலும் குந்தப்போகும் மனிதருக்கு இந்தத் திட்டத்தில் விலையே இல்லை. கோணலாக இறங்கும் அந்தக் கழிவுக்குழாய்கூட இதில் நிமிர்ந்துவிட்டது.

இதில் உனக்கு என்ன வரும் என்று கேட்டார். கடனில் நூற்றுக்கு ஒன்று வங்கி கொடுக்கும், எல்லாத் தரகருக்கும் உள்ளதுதான் என்றான். அதாவது இருபத்திரண்டாயிரம். கடன் குறைந்தால் அதுவும் குறையும் என்பதை அவன் சொல்லவில்லை; அவர் கேட்கவுமில்லை. அக்காவுக்காகத்தான் செய்தேன் என்று ஒருமுறை சொன்னான். பத்துமாசம் திட்டத்தின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். தேநீர் பின்னாலேயே வந்தது; அதை யார் குடித்தார்களோ தெரியாது.

மனைவி மாலையில் வேலை முடித்து வந்தபோது அவர் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி முகம் கழுவி, கொடியிலிருந்த துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினார். சலவை வேலை செய்பவருக்கு வீட்டிலும் கை சும்மா இருக்காது. சோடாத்தூளில் வெளுத்து, ஓரமெல்லாம் வெடித்த கைகள்.

ஒன்பதாயிரம் என்று எழுதியது உனக்குத் தெரியுமா என்று அவர் கேட்டார். மனைவி ஒரு துண்டை மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார். அதுவே பதிலாயிற்று. தம்பி சொன்னான், காகிதத்துக்குத்தான் என்றான், உங்களிடம் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டீர்கள் என்றான் என்று பிறகு ஒவ்வொன்றாக வந்தது.

“நிறுத்திட்டா ரெண்டு லட்சம் போயிடும்ங்க. ரெண்டு லட்சத்துக்கு நான் எத்தனை படுக்கை விரிப்பு துவைக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார் மனைவி. “எனக்குத் தெரியும். கணக்குப் போட்டிருக்கேன். கடிதம் பாட்டுக்கு இருக்கட்டும், நாம ஆறாயிரமே வாங்குவோம். யாருக்கு என்ன நட்டம்? நாலு குடித்தனத்துக்கும் நல்லவரா இருக்கீங்க. எனக்கு எப்ப நல்லவரா இருக்கப் போறீங்க?”

அது நியாயமான கேள்வி. அவர் கடிதத்தின் இரண்டாம் பத்தியை மட்டும் வாய்விட்டுப் படித்தார். தவணை இரண்டு தவறினால் வாடகை நேரே வங்கிக்கு, மேற்படி தொகையில், கடமைப்பட்டவர். முட்டி வீங்கிப்போய்த் தாம் மூன்று மாதம் படுத்துவிட்டால் என்ன நடக்கும் என்று மெதுவாகச் சொன்னார். தாம் ஆறாயிரம் வாங்கலாம், ஆனால் வங்கி ஒன்பதாயிரம் கேட்டு அந்தத் தையற்காரம்மா வாசலில் ஆள் அனுப்பும். அந்த அம்மாள் எந்த முகத்தோடு அதை மறுக்க முடியும், கையெழுத்து அவருடையதாயிற்றே.

மனைவி மடித்த துணியைக் கீழே வைத்தார். “இது அவன் சொல்லலியே,” என்றார். சிறிது நேரம் கழித்து, இரண்டு லட்சம், என்று தமக்குள்ளேயே இன்னொரு முறை சொல்லிக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து இறுதிக் கையெழுத்துக்காக வங்கியில் கூடினார்கள். மனைவியும் கடனில் பங்குதாரர் என்பதால் வந்திருந்தார். மைத்துனன் சலவைச் சட்டை அணிந்து, யாவரையும் பெயர் சொல்லி வணங்கிக்கொண்டு முன்னே போனான். அதிகாரி கோப்பைத் திருப்பிக் கடைசித் தாளை எடுத்து நீட்டினார். பேனாவின் மூடியைத் தாமே கழற்றியும் கொடுத்தார்.

பத்துமாசம் பேனாவை வாங்கி மேசைமேல் வைத்தார். குடியிருப்போர் நால்வரும் தருவது ஆறாயிரம்தான், காகிதத்தில் இருப்பது பொய், தொகை காலியாக இருந்தபோது கையெழுத்து வாங்கியவர் தாமே என்று வரிசையாகச் சொன்னார். மைத்துனன் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தான். அது முட்டி வரை வலித்தது. அவர் காலை நகர்த்தவில்லை.

அதிகாரி கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். நால்வரும் கையெழுத்திட்ட கடிதம் வங்கியிடம் இருக்கிறது, அதைச் சந்தேகிக்க வங்கிக்குக் காரணம் ஏதுமில்லை என்றார். “நீங்க இப்ப சொன்னதை நான் காதுல வாங்கலேன்னு வெச்சுக்கிறேன் சார். கையெழுத்துப் போட்டீங்கன்னா இன்னைக்கே முடிஞ்சுடும்.”

அந்தக் கண்ணியமான குரலைக் கேட்டபோது, இத்தனை நாள் அடக்கி வைத்தது அவருக்குத் தொண்டைவரை வந்தது. கத்தியிருக்கலாம், கத்துவதற்கு வேண்டிய நியாயம் முழுவதும் அவர் பக்கம் இருந்தது. அவர் கேட்டது ஒரு கேள்விதான்.

“முப்பது வருஷமா நான் சம்பாதிச்சதுக்குச் சீட்டு இல்லேன்னு எடுத்துக்க மாட்டேன்னீங்க. இந்தப் பொய்க்குச் சீட்டு இருக்குன்னு எடுத்துக்கிறீங்களாம்மா?”

அதிகாரி கோப்பின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உண்மை வாடகைக்குக் கடன் வேண்டுமானால் பதினாலே முக்கால்தான் வரும், மீதிக்கு வேறு வழி உண்டா என்று கடைசியில் கேட்டார். வழி இல்லை என்பது அங்கிருந்த நால்வருக்கும் தெரியும். மாமா, அவசரப்படாதீங்க, ஒரு வாரம் யோசிக்கலாம் என்று மைத்துனன் இடையில் புகுந்தான். அக்கா, நீயாவது சொல்லேன் என்று தமக்கையைப் பார்த்தான்.

அவர் மனைவி பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். ரெண்டாவது பத்திய ஏண்டா எனக்குப் படிச்சுக் காட்டல என்று கேட்டார். அவன் ஏதோ சொல்லத் தொடங்கினான். மனைவி மேற்கொண்டு கேட்கவில்லை. கணவர் பக்கம் திரும்பவும் இல்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரை நோக்கினார்.

பத்துமாசம் பேனாவை எடுத்தார். மூடியைப் பொருத்தி, அதிகாரியின் பக்கம் தள்ளினார்.

“கடன் வேண்டாம்மா,” என்றார். “நான் வீட்டை வாங்கல. அந்த நாலு கடிதத்தையும் எடுத்துக் குடுங்க. அவங்க கிட்டக் குடுக்கணும்.”